ரேஷன் அரிசியும் சிசு போஷணையும்

(மயிலம் வட்டார ஐக்கிய சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



1904-ஆம் வருஷத்தில் செங்கற்பட்டு ஜில்லா திரூரில் கிராம ஐக்கிய சங்கம் தோன்றியபோது, சங்கமென்பது வட்டிக் கொடுமையினின்று குடியானவனை மீட்கும் ஸ்தாபனமென்றே ஜனங்கள் கருதினர். இக்காலத்திலோ தமிழ்நாட்டு ரேஷன் கடைகளிற் பெரும்பாலானவற்றை நடத்துபவை கூட்டுறவுச் சங்கங்களே. ஆகவே ஒரு குடும்பத்துக்கு அரிசி கிடைக்கவில்லையெனில், அது சர்க்காரை மட்டும் சேர்ந்த விஷயமன்று.

இலவச அரிசி பரம ஏழைகளுக்கு மாத்திரமே உரியதென்ற எண்ணம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அது சரியன்று. அரிசி அட்டை உடைய சகலருக்கும் 2011 ஜூன் முதல் விலையின்றி அரிசி அளிக்கப்படுகிறது. 2013-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2016 நவம்பரில் இங்கு அமலுக்கு வந்தபோதும் இவ்வேற்பாடு கைவிடப்படவில்லை. அந்தியோதயா அட்டைக்கு மாதம் 35 கிலோ உண்டு. சர்க்கரை அட்டையைத் தாமே கேட்டுப் பெற்றவர் அரிசியை எதிர்பார்ப்பதில் பயனில்லை.

கரும்பு வெட்டவும் செங்கற் சூளை வேலைக்கும் குடும்பத்தோடு வெளியூர் செல்வோர், அட்டை சொந்த ஊரில் செல்லுமென்று அங்கேயே வைத்துவிட்டுப் போவதுண்டு. 2020 அக்டோபர் முதல் எந்த ஊர்க் கடையிலும் பொருள் பெறலாம்; அட்டையை உடன் எடுத்துச் செல்லுதலே தகும்.

ஆனால் அரிசி வந்துவிட்டதென்பதால் வீட்டுச் சிசு போஷிக்கப்பட்டதாகாது. ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் போதாது. கஞ்சித் தெளிவும் உடலை வளர்க்காது. பள்ளியில் 1982 முதல் விரிவான சத்துணவும், 2022 முதல் காலையுணவும் உண்டென்பது உண்மையே. எனினும் ஐந்து வயதில் அளிக்கும் சோறு, இரண்டு வயதுக்குள் குன்றிய வளர்ச்சியை முற்றும் ஈடுசெய்யாது. அவ்விளம் பருவத்துக்காகவே அங்கன்வாடியில் சத்துமாவு தரப்படுகிறது. கோதுமை, கேழ்வரகு, கடலை, வெல்லம் முதலியன சேர்ந்த அம்மாவைக் கொழுக்கட்டையாக்கி வீட்டார் யாவரும் பகிர்ந்துண்பது வழக்கமாயிருக்கிறது. பெரியவர்கள் பசியாறலாம், குழந்தையின் எடை ஏறாது. மாதந்தோறும் எடை பார்த்தலை மாமியார்மார் கண்ணேறு என்று அஞ்சித் தடுப்பதும் விடத்தக்கதே.

அங்கன்வாடிக்கு ரேஷன் அட்டை வேண்டுமோவெனில், வேண்டுவதில்லை. ஆறு வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும் அது திறந்திருத்தல் வேண்டுமென 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சூளைக்கு வந்து தங்கிய குடும்பத்தின் குழந்தையும் இதில் அடங்கும்.

கர்ப்பமுற்ற பன்னிரண்டு வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்துகொள்ளும் ஏழைத் தாய்மாருக்கு, முதல் இரண்டு பிரசவங்களுக்கு முத்துலட்சுமி ரெட்டி உதவித் திட்டம் உண்டு. 2018-இல் அத்தொகை 18,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஒரு பகுதி ஊட்டச்சத்துப் பெட்டகமாக வரும். பதிவைத் தாமதிப்பவர் பின்னர் அலைய நேரிடுகிறது.

பிறந்த குழந்தையின் பெயரை அட்டையிற் சேர்க்கப் பிறப்புச் சான்றிதழோடு திண்டிவனம் வட்ட வழங்கல் அலுவலகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். கடையில் எடை குறைந்தால் 1967 என்ற எண்ணுக்குத் தெரிவிக்கலாம். அதற்கும் முன்னதாக, குறையை எழுதிச் சங்கத்திலேயே கொடுத்து ரசீது பெறலாம். தீராதவற்றைக் கிராம சபையில் எழுப்ப இடமுண்டு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 முதலிய தினங்களில் அது கூடுகிறது.