ஆறு ஓவியங்களின் பயணம்

ஓவியன் தூரிகையைக் கீழே வைத்ததும் அவனுடைய வேலை முடிந்துவிடுகிறது என எண்ணுவோர் பலர். கண்காட்சிச் சுவரிலே படத்தைக் காண்போருக்கு, அது அங்கே வந்து சேர்ந்த வழி தெரிவதில்லை. அவ்வழி எத்துணை அரியது என்பதை வின்சென்ட் வான்கோவின் வாழ்க்கை நிகழ்ச்சி ஒன்று காட்டும்.

1889ஆம் ஆண்டு நவம்பர் மாதம். தென் பிரான்சிலே சென் ரெமி என்னும் ஊரில், மனநோயாளர் மருத்துவமனையிலே வான்கோ தங்கியிருந்தார். பெல்ஜிய நாட்டின் தலைநகராகிய புரூசெல்ஸிலிருந்து அவருக்கு ஓர் அழைப்பு வந்தது. 'இருபதின்மர்' என்னும் கலைஞர் சங்கம் அடுத்த ஜனவரியில் நடத்தவிருந்த கண்காட்சிக்குப் படங்கள் அனுப்புமாறு அதன் செயலாளர் ஒக்தாவ் மோஸ் கேட்டிருந்தார்.

வான்கோ ஆறு படங்களைத் தெரிந்தெடுத்தார். சூரியகாந்தி மலர்களைத் தீட்டிய படங்கள் இரண்டு. ஐவிக்கொடி படர்ந்த மரங்கள், பூத்துக் குலுங்கும் பழத்தோட்டம், சிவந்த திராட்சைத் தோட்டம், இளங்கோதுமை வயலில் எழும் ஞாயிறு என்பன மற்றை நான்கு. ஆறும் ஒருங்கே தொங்கும்போது விளையும் நிறப்பொலிவையே அவர் மனத்திற் கொண்டிருந்தார். தமக்குரிய நான்கு மீற்றர் சுவரிடத்தை அவை மீறக்கூடும் என்று மோஸுக்கு எழுதி, எவ்வாறாயினும் இடங்காணுமாறு வேண்டினார்.

ஆனால், ஞாயிறு எழும் அந்தப் படம் அப்பொழுது முற்றுப்பெறவில்லை. வான்கோ வர்ணத்தைத் தடிப்பாக அப்புபவர். அத்தகைய எண்ணெய் வர்ணம் மேலே காய்ந்தும் உள்ளே நெடுநாள் ஈரமாகவே இருக்கும். பொறுமையின்றிச் சுருட்டினால் அதன் மேடுகள் நசுங்கிவிடும். அவரோ கித்தானைச் சட்டத்திலிருந்து கழற்றிச் சுருட்டியே பாரிஸிலுள்ள தம்பி தியோவுக்கு அனுப்புவது வழக்கம். அங்கே அதனை மீண்டும் சட்டத்தில் இழுத்துக் கட்டுவார்கள். ஆகவே, காய்வதற்கும் காலம் வேண்டும். கண்காட்சிக்கும் காலம் தவறக்கூடாது.

இந்நிலையில், டிசம்பர் மாதப் பிற்பகுதியில் நோய் மீண்டும் அவரைத் தாக்கியது. ஏறத்தாழ ஒரு வாரம் அவர் தம் வசத்தில் இல்லை. தெளிவு பெற்றதும் அவர் செய்த வேலைகளுள் ஒன்று, ஜனவரித் தொடக்கத்திலேயே அப்படத்தைத் தியோவுக்கு அனுப்பியதாகும். நோய் இன்னும் இரு வாரம் நீடித்திருந்தால் ஆறு ஐந்தாகியிருக்கும்.

1890 ஜனவரி 18ஆம் திகதி கண்காட்சி தொடங்கியது. பெல்ஜிய ஓவியர் ஒருவர், வான்கோவின் சூரியகாந்திகள் இருக்கும் மண்டபத்தில் தம் படங்கள் இருத்தலாகாது எனச் சினந்து அவற்றை மீட்டுக்கொண்டார். அச்சங்கத்தின் உறுப்பினரான அன்னா போக் என்னும் ஓவியரோ சிவந்த திராட்சைத் தோட்டத்தை 400 பிராங்குக்கு வாங்கினார். அது பின்னர் மாஸ்கோவிலுள்ள புஷ்கின் அரும்பொருளகத்தைச் சேர்ந்தது.

வான்கோ புரூசெல்ஸுக்குச் செல்லவில்லை. மே மாதம் வரை மருத்துவமனையிலேயே இருந்தார். ஜூலை 29ஆம் திகதி உயிர்நீத்தார். ஆறு படங்களும் எவ்வாறு ஒன்றுக்கொன்று ஒளியூட்டும் என்று கணித்தவர், அவை தொங்கிய அந்தச் சுவரைக் காணவேயில்லை. படங்களைப் பத்திரமாக வழியனுப்புவதொன்றே அவரால் இயன்றது. அதனை அவர் குறைவறச் செய்தார்.