தெரியாத பக்கத்தைக் காணும் கணக்கு



வெள்ளி விழாக் காணும் நம் கல்விக் கழகத்தை வாழ்த்துவதோடு அமையாமல், ஒரு கணக்கையும் உங்கள் முன் வைக்க விரும்புகின்றோம். வடிவ கணிதமும் இயற்கணிதமும் தேர்வுக்கு மட்டுமே உரியவை என்று நம் பிள்ளைகள் எண்ணுகின்றனர். அவை நம் மண்ணைக் காக்கும் கணக்குகளும் ஆகும்.

1891ஆம் ஆண்டில் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் பொறுப்பிலிருந்த டிரெமன்ஹீர், நம் மக்கள் நிலமின்றி வாடுவதை அரசுக்கு அறிக்கையாக எழுதினார். அதன் விளைவாக 1892இல் பிறந்த ஆணையின்படி வழங்கப்பட்டவையே பஞ்சமி நிலங்கள். நம் மக்களல்லாத பிறர்க்கு அவற்றை விற்றல் ஆகாது என்பது நிபந்தனை. ஆயினும் பல நிலங்கள் கைமாறின. அவற்றை மீட்கும் போராட்டத்தில் 1994இல் காரணையைச் சார்ந்து ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் துப்பாக்கிச் சூட்டிற்கு இரையாயினர். இன்றோ திருப்பெரும்புதூர் முதல் ஒரகடம் வரை தொழிற்சாலைகள் எழுந்து, ஒரு சென்ட் நிலமும் பொன்னாகிவிட்டது. இந்நிலையில் அளவறியாதவன் ஏமாறுவான்.

ஒரு சங்கிலி என்பது 66 அடி. பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். அதாவது 100 சென்ட். ஒரு செவ்வக நிலத்தை எண்ணிப் பாருங்கள். பட்டாவில் அதன் பரப்பு ஒரு ஏக்கர். சுற்று வேலி 14 சங்கிலி என்று பழைய குறிப்பு கூறுகின்றது. எல்லைக் கற்களோ மண்மூடிப் போயின. நீளமும் அகலமும் எவ்வளவு?

சுற்றளவு 14 என்றால், ஒரு நீளமும் ஓர் அகலமும் சேர்ந்து 7. தெரியாத அகலத்திற்கு 'அ' என்று பெயரிடுவோம். நீளம் 7 − அ ஆகும். இரண்டையும் பெருக்கினால் பரப்பு:

அ × (7 − அ) = 10
அ² − 7அ + 10 = 0
(அ − 2)(அ − 5) = 0

ஆகவே அ என்பது 2 அல்லது 5. ஒன்று அகலம், மற்றது நீளம். அடிக்கணக்கில் 132, 330. பெருக்கிப் பாருங்கள், 43,560 சதுர அடி, சரியாக ஒரு ஏக்கர்.

இனி, ஒருவர் வந்து, "வேலியின் சுற்றளவு குறையவில்லையே" என்று கூறி, ஒரு சங்கிலி அகலமும் ஆறு சங்கிலி நீளமும் அளந்து கொடுத்தால் என் செய்வோம்? சுற்று அப்போதும் 14தான். பரப்போ 6 சதுரச் சங்கிலி, அதாவது 60 சென்ட். நாற்பது சென்ட் நம் கண்ணெதிரே மறைந்துவிடும்! கணக்கறிந்த ஓர் இளைஞன் அங்கே நின்றால் அது நடவாது.

எல்லா நிலமும் செவ்வகமாக இராது. கோணல் நிலத்தை முக்கோணங்களாகப் பிரித்து அளப்பர், முறை ஒன்றே. தெரியாததைத் தெரியாதென்று விட்டுவிடாமல், அதற்கு ஒரு பெயரிட்டு, தெரிந்தவற்றோடு சேர்த்து நிறுத்தினால், அது தன்னை வெளிப்படுத்தியே தீரும்.

இளைஞர்களே! உங்கள் வீட்டுப் பட்டாவையும் புல வரைபடத்தையும் எடுத்துப் படியுங்கள். படிக்கவியலாத பெரியோர்க்குப் படித்துக் காட்டுங்கள். நம் கழகம் கற்பித்த கல்விக்கு அதுவே நாம் செலுத்தும் நன்றி.