“நானே செஞ்சேன் டீச்சர்!”

(கோபிசெட்டிபாளையத்தில் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஓய்வுபெற்ற கைவேலை ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதல்ல ஒரு கேள்வி. ராத்திரி ஒன்பது மணிக்கு, கடை அடைக்கிற நேரத்துல, வண்டியை எடுத்துக்கிட்டுப் போய் தெர்மாகோல், கலர் பேப்பர், பெவிகால், ஜிகினா வாங்கிட்டு வந்தவங்க இங்கே எத்தனை பேர்? கை தூக்க வேண்டாம், சிரிப்பைப் பார்த்தாலே தெரியுது. “நாளைக்கு ஸ்கூல்ல புராஜெக்ட்டுப்பா” என்று குழந்தை சொல்லிவிட்டுத் தூங்கிவிடும். அப்பா வெட்டுவார், அம்மா ஒட்டுவார். காலையில் குழந்தை அதைத் தூக்கிக்கொண்டு போகும்.

உங்களைக் குறை சொல்ல வரலைங்க. இந்தப் பழக்கத்தை வளர்த்துவிட்டதில் என்னை மாதிரி ஆசிரியர்களுக்கும் பங்கு உண்டு. நான் செய்த தப்பையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

பல வருசத்துக்கு முன்னால், நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் கைவினைக் கண்காட்சி. ஒரு பையன் தெர்மாகோலில் மாடி வீடு கொண்டுவந்தான். உள்ளே பல்பு எரியும், வாசலில் கார் நிற்கும். ஒரு பொண்ணு சோளத்தட்டில் மாட்டு வண்டி செய்து எடுத்து வந்தாள். சக்கரத்துக்குத் தென்னங்குரும்பை, அச்சுக்கு ஈர்க்குச்சி. வண்டி கொஞ்சம் கோணல்தான். வீட்டை மேசை நடுவில் வைத்தேன், வண்டியை ஓரத்தில் வைத்தேன். வீட்டுக்கு முதல் பரிசு.

எல்லாம் முடிந்த பிறகு பையனிடம், “பல்பு எப்படி எரியுது கண்ணு?” என்று கேட்டேன். “எங்கப்பாவைத்தான் கேக்கோணும் டீச்சர்” என்றான். பிறகு அந்தப் பொண்ணிடம், “ஏஞ்சாமி, வண்டி ஆடாம நிக்குதே, எப்படி?” என்றேன். “பச்சைத் தட்டுல செஞ்சா காய்ஞ்சதும் சுருங்கி, குச்சி கழண்டுக்கும் டீச்சர். அதனால காய்ஞ்ச தட்டா பார்த்து எடுத்தேன். நானே செஞ்சேன்” என்றாள்.

தச்சர்கள் பச்சை மரத்தில் கதவு செய்யமாட்டார்கள் இல்லையா? அந்தப் பாடத்தை அந்தப் பிள்ளை யாரும் சொல்லித் தராமல் தானே கண்டுபிடித்திருக்கிறாள். நான் அதைக் கேட்டதோ பரிசு கொடுத்து முடித்த பிறகு. அடுத்த வருசம் அவள் எதுவும் கொண்டுவரவில்லை. கேட்டதற்கு, “சாமான் வாங்கக் காசில்ல டீச்சர்” என்றாள். அழகு என்றால் கடையில் காசு கொடுத்து வாங்குவதுதான் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது யாரு? நான்தான்.

அன்றைக்குப் பிறகு கண்காட்சி வைக்கும்போதெல்லாம் ஒரே விதிதான் வைத்தேன். செய்த பொருளைப் பற்றி மூன்று கேள்விக்குக் குழந்தை பதில் சொல்ல வேண்டும். இதை எதில் செய்தாய்? எந்த இடத்தில் தப்பாகி, திரும்பச் செய்தாய்? மறுபடி செய்தால் எதை மாற்றுவாய்? இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லை என்றால், அதை வேறு யாரோ செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

சரி, காசு இல்லாமல் எதை வைத்துச் செய்வது? நம்ம கோபியைச் சுற்றிப் பாருங்க. தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால் பாசனத்தில் நெல், மஞ்சள், தென்னை. தோட்டத்துக்குத் தோட்டம் மல்பெரி, பட்டுப்புழு. பஸ் ஏறினால் பவானியில் ஜமுக்காளத் தறி. இன்னொரு பக்கம் திருப்பூர் பனியன் துணி. இவ்வளவும் இருக்கிற ஊரில் தெர்மாகோலுக்கு என்ன அவசரம்? 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட ஒருமுறை பயன்படுத்தும் பொருட்களில் தெர்மாகோல் தட்டும் குவளையும் உண்டு. பந்தியில் வேண்டாம் என்று ஒதுக்கியதை வகுப்பறைக்குள் ஏன் கொண்டுவர வேண்டும்?

வீட்டிலும் வகுப்பிலும் செய்யக்கூடிய நாலு வேலை சொல்கிறேன். குறித்துக்கொள்ளுங்க.

முதலாவது, மஞ்சள் தாள். ஈரோடு மஞ்சளுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்கெல்லாம் பெருமை. அந்த மஞ்சளில் ஒரு ஸ்பூன் எடுத்துத் தண்ணீரில் குழைத்து, வழவழப்பு இல்லாத வெள்ளைத் தாளில் பூசி நிழலில் காயவையுங்கள். துணி சோப்பைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, ஈர்க்குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி, அதில் தொட்டுப் படம் வரையச் சொல்லுங்கள். கோடு போட்ட இடமெல்லாம் சிவக்கும். மேலே எலுமிச்சைச் சாறு தொட்டால் மறுபடி மஞ்சளாகும். குழந்தை கண்ணை விரித்துப் பார்க்கும்போது, “ஆரத்தித் தண்ணி எப்படிச் சிவப்பாகுது?” என்று கேளுங்கள். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்வதால்தான். ஏழாம், எட்டாம் வகுப்பில் வருகிற அமிலம், காரம் பாடம் அங்கேயே தொடங்கிவிடும். ஒரு எச்சரிக்கை: சின்னப் பிள்ளைகள் கையில் சுண்ணாம்பு கொடுக்காதீங்க, கண்ணில் பட்டால் ஆபத்து. சோப்புத் தண்ணியே போதும்.

இரண்டாவது, பட்டுக்கூட்டுப் பூ. ஒரு நல்ல வெண்பட்டுக்கூட்டில் இருப்பது சுமார் ஆயிரம் மீட்டர் நீளமுள்ள ஒரே இழை. அந்துப்பூச்சி கூட்டைத் துளைத்து வெளியே வந்துவிட்டால் இழை பல இடத்தில் அறுந்துபோகும். நூல் நூற்க அது ஆகாது. அந்த ஓட்டைக்கூடு நமக்குப் போதும். முட்டைத்தொகுதி தயாரிக்கிற இடங்களில் இப்படிப்பட்ட கூடுகள் மிஞ்சும். பக்கத்தில் புழு வளர்க்கிறவர்களிடமோ பட்டு வளர்ச்சித் துறை அலுவலகத்திலோ கேட்டால் எங்கே கிடைக்கும் என்று வழி சொல்வார்கள். ஓட்டை இல்லாத கூட்டுக்குள் கூட்டுப்புழு இருக்கும், அதை வாங்காதீங்க. கூட்டை அலசி வெயிலில் காயவைத்து, ஓட்டை இருக்கும் முனையிலிருந்து கத்தரிக்கோலால் ஐந்தாறு வெட்டு வெட்டி, இதழ் மாதிரி வெளியே மடக்குங்கள். வெதுவெதுப்பான மஞ்சள் தண்ணியில் முக்கினால் சாயம் பிடிக்கும். கொதிக்க வைத்துவிடாதீங்க, பசை கரைந்து கூடு தொளதொளத்துப் போகும். நிழலில்தான் காய வேண்டும், மஞ்சள் நிறம் வெயிலில் வெளுத்துவிடும். கூடு கெட்டியாக இருப்பதால் வெட்டும் வேலையைப் பெரியவர்கள் செய்யலாம். மடக்குவதும் சாயம் ஏற்றுவதும் குழந்தையின் வேலை.

மூன்றாவது, அட்டைத் தறி. பவானி ஜமுக்காளம் புவிசார் குறியீடு பெற்ற பொருள். அதன் பட்டை பட்டையான நிறங்களைக் கல்யாண வீட்டில் உட்கார்ந்து பார்க்காத குழந்தை இங்கே இருக்காது. ஆனால் அது எப்படி உருவாகிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? பழைய நோட்டு அட்டை ஒன்றை எடுத்து, மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு வெட்டுப் போடுங்கள். நூலை மேலும் கீழுமாக இழுத்துச் சுற்றினால் அது பாவு. பழைய பனியனை இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டையாக வெட்டி, இரண்டு முனையையும் பிடித்து ஒரு இழு இழுத்தால், அது தானாகச் சுருண்டு கயிறு மாதிரி ஆகிவிடும். அதுதான் ஊடை. ஒரு இழைக்கு மேலே, அடுத்ததற்குக் கீழே. திரும்பி வரும்போது மாற்றி. முதல் தடவை எல்லாப் பிள்ளைகளும் ஊடையை இறுக்கி இழுப்பார்கள், நடுவில் இடுப்பு மாதிரி சுருங்கிவிடும். சொல்லித் தராதீங்க, விடுங்க. பிரித்து மறுபடி நெய்யும்போது அதுவே கற்றுக்கொள்ளும். ஒற்றை எண், இரட்டை எண், அளவு, வடிவம் எல்லாம் இந்தச் சின்ன அட்டையில் இருக்கிறது. ஒரு ஜமுக்காளத்துக்குப் பின்னால் எவ்வளவு உழைப்பு என்பதும் பிள்ளைக்குப் புரியும். அதன் பிறகு தறிக்காரரிடம் விலை பேசும்போது அந்தப் பிள்ளைக்கு வாய் கொஞ்சம் அடங்கும்.

நான்காவது, குச்சிக் கட்டடம். இதற்கு முன்னோடி அரவிந்த் குப்தா. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த பொறியாளர். மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் கிராமப் பள்ளிகளின் அறிவியல் திட்டத்தில் சேர்ந்து வேலை செய்தபோது, தீக்குச்சியையும் சைக்கிள் வால்டியூப் துண்டையும் இணைத்து வடிவங்கள் செய்து காட்டினார். குப்பையிலிருந்து பொம்மை என்றாலே இன்றைக்கு அவர் பெயர்தான் நினைவுக்கு வரும். 2018ல் பத்மஸ்ரீ கிடைத்தது. நாம் தீக்குச்சிக்குப் பதிலாக விளக்குமாற்றுக் குச்சி எடுத்துக்கொள்ளலாம். சைக்கிள் கடையில் வால்டியூப் வாங்கிச் சின்னச் சின்னதாக வெட்டி, குச்சி முனைகளைச் சொருகுங்கள். நாலு குச்சியில் சதுரம் செய்தால் அழுத்தினதும் சாயும். மூணு குச்சியில் முக்கோணம் செய்தால் அசையாது. ஓட்டு வீட்டுக் கூரையிலும் ரயில் பாலத்திலும் ஏன் முக்கோணம் வைக்கிறார்கள் என்பதற்குக் குழந்தையின் விரலே பதில் சொல்லும்.

கைவேலை என்பது பாடம் முடிந்த பிறகு பொழுதுபோக்குக்குச் செய்வது என்று நினைக்கிறோம். நம்ம கொங்கு மண்ணில் அப்படி நினைக்காத பெரியவர்கள் இருந்தார்கள். 1937ல் வார்தாவில் காந்தியடிகள், கைத்தொழில் வழியாகவே கல்வி தர வேண்டும் என்று ஆதாரக் கல்வித் திட்டத்தை முன்வைத்தார். 1930ல் ராமகிருஷ்ண வித்யாலயத்தைத் தொடங்கிய கோவை தி.சு. அவிநாசிலிங்கம், 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தபோது அந்த ஆதாரக் கல்விக்கு இடம் கொடுத்தார். பெரியநாயக்கன்பாளையத்தில் அந்த வித்யாலயம் இன்றும் இருக்கிறது. நூல் நூற்கிற பிள்ளை கணக்கும் படிக்கும், பஞ்சு விளைகிற நிலத்தைப் பற்றியும் படிக்கும் என்பதுதான் அவர்கள் எண்ணம்.

இன்றைக்கு அரசும் சில கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறது. 2022ல், ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கும் என்று ‘எண்ணும் எழுத்தும்’ வந்தது. அதில் பாட்டும் பொம்மையும் செயல்பாடும்தான் பாடம். அதே கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளுக்கான ‘கலைத் திருவிழா’ தொடங்கியது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போகும். கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்களில் 5 வயது முதல் 16 வயது வரை உள்ள பிள்ளைகள் ஓவியம், இசை, நடனம் பழகலாம். தலைமை ஆசிரியரிடம் கேளுங்க. கேட்காத அப்பா அம்மாவின் பிள்ளைக்குத்தான் இந்தக் கதவெல்லாம் மூடியே இருக்கு.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. “நாளைக்குக் கொண்டு வா” என்று மட்டும் சொல்லாதீங்க. ஒரு வாரம் நேரம் கொடுங்க. முடிந்தால் வகுப்பிலேயே செய்ய வைங்க, அங்கே எல்லோருக்கும் ஒரே குச்சி, ஒரே மஞ்சள். வகுப்புக்கு ஒரு அட்டைப்பெட்டி வைத்து, பழைய அட்டை, துணித்துண்டு, தென்னங்குரும்பை, பட்டன் எல்லாம் சேர்த்து வையுங்கள். அந்தப் பெட்டிக்கு முன்னால் வசதி இருக்கிற வீட்டுப் பிள்ளையும் இல்லாத வீட்டுப் பிள்ளையும் ஒண்ணுதான்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பக்கத்தில் உட்காருங்க, கையை மட்டும் நீட்டாதீங்க. கோணலாக வெட்டினால் வெட்டட்டும். வீடு குப்பையாகும், ஆகட்டும். கூட்டிப் பெருக்குவதையும் அதுவே செய்யட்டும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களைக் கூப்பிடுங்க. தென்னை ஓலையில் பீப்பியும் கைக்கடிகாரமும் பாம்பும் செய்யத் தெரிந்த தாத்தாவும் அப்பத்தாவும் இன்னும் நம்ம வீடுகளில் இருக்காங்க. அவங்க கை ஓய்வதற்குள் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட வேண்டும்.

அந்தப் பொண்ணு இப்போ எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாதுங்க. இந்தக் கூட்டத்திலேயே ஒரு அம்மாவாக உட்கார்ந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. அப்படி இருந்தால் அவளிடம் ஒன்று சொல்லணும்: அம்மிணி, உன்ற வண்டிக்குத்தான் முதல் பரிசு கொடுத்திருக்க வேண்டும். நான் கொடுக்கலை.

மற்ற எல்லோருக்கும் ஒரே ஒரு வேண்டுகோள். வருகிற ஞாயிற்றுக்கிழமை, கடைக்குப் போகாமல், சமையலறை மஞ்சள் டப்பாவை எடுத்து மேசை மேல் வையுங்க. மீதியைப் பிள்ளை பார்த்துக்கும்.