கணினியில் காந்தாரம்

சென்ற கோடையில் சேர்வராயன் மலைமீதுள்ள ஏற்காட்டில் சில நாள் தங்கியிருந்தேன். அந்த வீட்டுப் பிள்ளை கல்லூரி மாணவன், சங்கீதமும் பயில்கிறவன். ஒரு நாள் மாலை மூடுபனி இறங்கி வெளியே போவதற்கில்லாமற் போயிற்று. "ஐயா, தோடி ராகத்தைக் கணினியில் எழுதியிருக்கிறேன், கேளுங்கள்" என்று அழைத்தான்.

திரையில் கட்டம் போட்ட பலகையொன்று விரிந்தது. பெயர் 'பியானோ ரோல்'. முன்னாளில் தானே வாசிக்கும் பியானோவில் துளையிட்ட காகிதச் சுருள் ஓடும். அதன் பெயரே இதற்கும் நிலைத்துவிட்டது. மேலே போகப் போக ஸ்ருதி உயரும். வலப்புறம் போகப் போகக் காலம் நகரும். மௌஸினால் ஒரு கட்டத்தைத் தொட்டால் ஸ்வரம் பிறக்கிறது. நுனியைப் பிடித்து இழுத்தால் நீள்கிறது. தூக்கி வைத்தால் வேறு ஸ்வரமாகிறது. 1983-ல் வகுக்கப்பட்ட 'மிடி' முறைப்படி ஸ்வரங்களுக்கு 0 முதல் 127 வரை எண்கள் உண்டு. அதில் ஒலி இல்லை என்பதைக் கவனியுங்கள். இன்ன ஸ்வரத்தை, இவ்வளவு அழுத்தத்தோடு தொடங்கு, நிறுத்து என்னும் கட்டளைகளே இருக்கின்றன.

மாணவன் 60-ஐ ஸட்ஜமாகக் கொண்டு 61, 63, 65, 67, 68, 70, 72 என்று ஆரோகணத்தை அடுக்கியிருந்தான். தாளம் இம்மியும் பிசகவில்லை. ஆயினும் தோடி வரவில்லை. முகம் வாடி, "எந்த எண் தப்பு?" என்றான்.

எண் எதுவும் தப்பில்லை. தோடியின் காந்தாரம் 63 என்ற இடத்தில் அசையாமல் நிற்பதில்லை. ரிஷபத்தின் அண்டைக்கும் மத்தியமத்தின் அண்டைக்கும் இடையே ஆடுகிறது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மைல்கற்களை மட்டும் நட்டுவிட்டு, இதுதான் மலைப்பாதை என்றால் யார் ஒப்புவார்கள்? 1904-ல் எட்டயபுரத்தில் வெளியான சங்கீத ஸம்பிரதாய பிரதர்சினியில், சுப்பராம தீக்ஷிதர் கமகங்களுக்கென்றே தனி அடையாளங்கள் இட்டிருக்கிறார்.

மிடியிலும் வழி உண்டு. 'பிட்ச் பெண்ட்' என்னும் கட்டளைக்கு 16,384 படிகள். வழக்கமான அமைப்பில் அது ஸ்வரத்தை இரண்டு அரைஸ்வரம் மேலும் கீழும் வளைக்கும். 63-லிருந்து கீழே 61, மேலே 65. காந்தாரத்துக்கு வேண்டிய இடம் அதுவே!

இருவரும் உட்கார்ந்து வளைகோடு வரைந்தோம். முதல் முறை தம்புராவும் சேர்ந்து ஆடியது! இந்தக் கட்டளை ஒரு சானல் முழுவதையும் வளைத்துவிடும். சானல்கள் 16 இருப்பதால் தம்புராவை வேறொன்றுக்கு மாற்றினோம். அப்புறம் அலை சீராக இருந்தது, அதுவே குற்றம். தொட்டில் ஆடுவது போலக் கேட்டது. "நீயே பாடிப் பார்" என்றேன். பாடினான், மேலே சற்றுத் தங்கிக் கீழே சடக்கென்று தொட்டுத் திரும்பிற்று அவன் குரல். குரலைக் கேட்டுக் கேட்டுக் கோட்டைத் திருத்தினான். எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. கடைசியில் அடுப்படியிலிருந்து அவன் பாட்டியார், "யாரடா தோடி வாசிக்கிறது?" என்று கேட்டார்.

மறுநாள் காலையில் தைவதத்தைத் தொடங்கினான்.