தண்டு பிறந்த கதை



ஜோகுபாளையத்திலும் அடுத்துள்ள அல்சூரிலும் தமிழ் ஒலிக்கக் கேட்கிறோம். நம்மவர் இங்கு வந்தது எவ்வாறு? ஐரோப்பியர் நாடு பிடித்த நோக்கத்தை ஆராய்ந்தால் விடை கிடைக்கும்.

வாணிகத்திற்கென 1600-இல் தோன்றிய கிழக்கிந்தியக் கம்பெனி வாளேந்தியது ஏன்? சரக்கு வாங்கப் பணம் வேண்டும். அதனை இந்நாட்டு வரியிலிருந்தே பெற அது வழி கண்டது. இது பொருள் நோக்கம். நெப்போலியன் 1798-இல் எகிப்தில் இறங்கினான். திப்பு சுல்தான் பிரெஞ்சுக்காரரின் துணையை நாடினார். போட்டியாளர் இங்குக் காலூன்றுவரோ என்ற அச்சம் அரசியல் நோக்கம். இவ்விரண்டும் கூடியதால் 1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது.

தன் மண்ணில் தங்கும் கம்பெனிப் படைக்காக மைசூர் அரசு ஆண்டுதோறும் 7 இலட்சம் வராகன் செலுத்த வேண்டுமென உடன்படிக்கை விதித்தது. கட்டுண்டவனே கயிற்றுக்கும் விலை கொடுத்தான்!

அப்படை 1809-இல் பெங்களூருக்குப் பெயர்ந்தது, தண்டு பிறந்தது. சென்னை மாகாணத்துச் சிப்பாய்களும், அவர்களைத் தொடர்ந்து வணிகரும் தொழிலாளரும் குடியேறினர். 1881-இல் மைசூர் ஆட்சி மன்னரிடம் மீண்டது. தண்டோ 1947 வரை ஆங்கிலேயர் கையிலேயே இருந்தது.

படையின் பின்னே வந்தோம் என்பதில் நமக்கு நாணமில்லை. உழைத்தே வாழ்ந்தோம். ஆனால் அப்படைக்குச் சோறிட்டதில் கன்னட உழவர் செலுத்திய வரிக்கும் பங்குண்டு. அண்டை வீட்டாரோடு உரிமை பேசும்போது இக்கடனையும் நாம் நினைவிற் கொள்வோமாக.