தனுஷ்கோடி நிலையம் சொல்லும் வரலாறு



நம் சங்கத்தின் வெள்ளி விழாவில் ஓர் இடிந்த புகைவண்டி நிலையத்தைப் பற்றிப் பேச விழைகிறோம். இராமேசுவரம் தீவின் மணல் முனையில் நிற்கும் தனுஷ்கோடி நிலையமே அது.

பாம்பன் கடற்பாலம் 1914ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 24ஆம் நாள் திறக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் விடப்பட்டது. சென்னையிலிருந்து ‘போட் மெயில்’ வண்டியில் வந்திறங்கியோர் இங்குக் கப்பலேறி, அக்கரையில் கொழும்பு வண்டியைப் பிடித்தனர். சிற்றூராயினும் இரு நாடுகளை இணைத்த வாயில் இது.

இவ்வாயிலைக் கடந்தவர் யாவர்? வணிகரும் அலுவலரும் மட்டுமல்லர். கங்காணியிடம் முன்பணம் பெற்றுத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாய்ப் போனவர்களும் கடந்தனர். அவர்களுள் பெரும்பகுதியினர் நம்மைப் போன்ற ஒடுக்கப்பட்ட மக்கள். பாலத்திற்கு இப்பால் மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டு, நோயில்லை என்று உறுதியான பின்னரே அவர்கள் கடல் கடக்க முடிந்தது.

மலைக்காட்டைத் தோட்டமாக்கிய அவர்களின் வழித்தோன்றல்களை 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென அவர்களைக் கேளாமலே முடிவு செய்யப்பட்டது.

இரண்டு திங்கள் நிறைவதற்குள், டிசம்பர் 22 இரவில், பெரும்புயல் எழுந்தது. பாம்பனிலிருந்து வந்த பயணி வண்டியைக் கடல் விழுங்கியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஊரும் நிலையமும் அழிந்தன. பாம்பன் பாலம் 46 நாட்களில் சீராயிற்று. தனுஷ்கோடிக்கான இருப்புப் பாதையோ மீண்டும் போடப்படவில்லை. தாயகம் திரும்பியோர் பின்னர் இராமேசுவரத்தில் கரையிறங்கினர். முன்னோரைத் தடுத்து வைத்த அதே மண்டபம் முகாமே அவர்களையும் முதலில் ஏற்றது.

இன்று இடிந்த சுவர்களைக் காண வருவோர் புயலின் கதையைக் கேட்டுத் திரும்புகின்றனர். மூட்டையைத் தலையில் சுமந்து அந்நடைமேடையில் நின்றவர்களின் கதையைக் கூறுவார் அரியர். அவர்களுள் எழுத்தறிந்தோர் சிலரே. அவர்கள் பெயரால் அங்கு ஒரு கல்லும் இல்லை.

இளைஞர்களே! கல்வி வேலைக்கு மட்டும் உரியதன்று. நம் தெருக்களில் கண்டிச் சீமைக்குப் போய் மீண்ட குடும்பங்கள் உள்ளன. அம்முதியோரிடம் அமர்ந்து கேளுங்கள். எந்த ஊரிலிருந்து போயினர், எந்தத் தோட்டத்தில் உழைத்தனர், என்ன கொண்டு திரும்பினர் என்பவற்றை ஏட்டில் எழுதி நம் சங்க நூலகத்தில் சேருங்கள். கடல் கொண்ட நிலையத்தை நம்மால் மீட்க இயலாது. அதன் வழியே சென்றவர்களின் வரலாற்றை மீட்க இயலும்.