பதிவேட்டில் எழுதாத பக்கம்

(விழாவையொட்டி நடந்த குடும்ப நாள் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



இந்த மலருக்காக நம் பங்கின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளை அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தோம். கொல்லிமலைப் பனி ஏறி ஏடுகள் பழுத்திருந்தன. குழந்தையின் பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், ஞானத்தாய் ஞானத்தகப்பன் பெயர் என்று வரிக்கு வரி ஒரு குடும்பம். இதில் பெயர் ஏறிய எவரும் இந்த வீட்டுக்கு அந்நியர் அல்லர் என்பதே அந்த வரிகளின் பொருள்.

ஆனால் இதே பதிவேடு வேறொரு காரியத்துக்கும் பயன்பட்டதுண்டு. 1935-ஆம் ஆண்டு ஹிட்லரின் அரசு ஜெர்மனியில் நியூரம்பர்க் சட்டங்களைக் கொண்டுவந்தது. ஒருவருடைய தாத்தா பாட்டிமார் நால்வரில் மூவர் யூதராயிருந்தால் அவர் யூதர். ஒருவரோ இருவரோ என்றால் பெரும்பாலும் கலப்பினத்தவர். யூத இரத்தம் தமக்கில்லை என்று காட்டுவதற்காக மக்கள் தாத்தா பாட்டியின் ஞானஸ்நானச் சான்று கேட்டுக் கோயில் வாசல்களில் நின்றார்கள். ஞானஸ்நானம் பெற்ற யூதரையும் அச்சட்டம் யூதர் என்றே கணக்கில் வைத்தது. நம்மைப் போன்ற குருக்களின் மேசைமேல் கிடந்த ஏடு, ஆளைப் பிரித்தெடுக்கும் முறமாகிப் போயிற்று. இதை நினைக்க நமக்குக் கூச்சமாயிருக்கிறது.

அந்த நாட்டில் பிறந்து, நமக்கு அண்டையிலுள்ள இலங்கையில் வாழ்ந்து மறைந்த ஒரு தாயைப்பற்றி இன்று சொல்ல விரும்புகிறோம். அவர் பெயர் ஆன் ரணசிங்க. 1925-இல் எஸ்ஸென் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அப்போது அவர் பெயர் அன்னலீஸ காட்ஸ். 1938 நவம்பரில் ஒரே இரவில் ஜெர்மனியெங்கும் யூதரின் செபக்கூடங்கள் எரிந்தன. எஸ்ஸென் செபக்கூடமும் எரிந்தது. அப்போது அவருக்கு வயது 13. அடுத்த ஜனவரியில் பெற்றோர் அவரைத் தனியே இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். மகள் பிழைத்தாள், பெற்றோர் பிழைக்கவில்லை. அவர்கள் போலந்திலுள்ள லோட்ஸ் நகரில் யூதர்களை அடைத்துவைத்த பகுதிக்குக் கொண்டுபோகப்பட்டு, 1944-இல் செல்ம்னோ என்னும் இடத்தில் கொல்லப்பட்டார்கள். மகளுக்கு அது போர் முடிந்த பிறகே தெரியவந்தது.

இங்கிலாந்தில் தாதிப் பயிற்சி பெற்ற அந்தப் பெண், இலங்கையைச் சேர்ந்த மருத்துவர் ஒருவரை மணந்து, 1950-களின் தொடக்கத்தில் கொழும்பில் வந்து குடியேறினார். தகப்பன் சிங்களவர், தாய் யூதப் பெண். பிள்ளைகளுக்குத் தாத்தா பாட்டிமார் நால்வரில் இருவர் யூதர். அந்தப் பழைய சட்டத்தின் வாயால் சொன்னால் கலப்பினம். பெற்றவளுக்கோ கண்ணின் மணிகள். அந்தத் தாய் கண்டதையும் இழந்ததையும் பின்னாளில் ஆங்கிலத்தில் கவிதைகளாக எழுதினார். முதல் நூல் 1971-இல் வெளிவந்தது.

இத்தோடு கதை முடிந்திருக்கலாம். முடியவில்லை. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் தீக்கிரையாயின. வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகத் தேடி வந்தார்கள். அங்கேயும் ஒரு பெயர்ப் பட்டியல்தான்! அப்போது 57 வயதாகியிருந்த அந்தத் தாய் 'ஜூலை 1983' என்றே தலைப்பிட்டு ஒரு கவிதை எழுதினார். சிறுமியாய்க் கண்ட நெருப்பையும் கொழும்பின் நெருப்பையும் அதில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தம் கணவரின் இனத்தார் கொளுத்திய நெருப்பாயிற்றே என்று அவர் வாய் மூடிக்கொள்ளவில்லை. தம் துயரம் தமக்கு மட்டுமே உரியது என்றும் எண்ணவில்லை. 2016-இல் கொழும்பிலேயே காலமானார்.

அன்பானவர்களே, எழுபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி இந்த மலைமேல் இருக்கிற நமக்கும் இந்தக் கதைக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். நம் பங்கில் ஒரு பாட்டியம்மா இருக்கிறார். பெயர் வேண்டாம். அவருடைய முன்னோர் இந்தச் சேலம் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள். 1983 கலவரத்தில் வீடு எரிந்து, கைக்குழந்தையோடு மண்டபம் முகாமுக்கு வந்து, பிழைப்புத் தேடி மலையேறினார். அந்தக் குழந்தை வளர்ந்து இந்த மலையின் மகளையே மணந்தது. பேரன் ஒருநாள் அவரைக் கேட்டானாம்: "அப்பாயி, பள்ளிக்கூடத்துல என்னை அகதி வீட்டுப் பையன்னு சொல்றாங்க. நாம யாரு?" பாட்டி பதில் சொல்லவில்லை. நாம் விசாரித்தபோது, "சொன்னா புள்ளை மனசு கெட்டுப்போயிரும் சாமி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவருடைய பயம் நமக்குப் புரிகிறது. ஆனாலும் ஒன்றைச் சொல்லவேண்டும். நாம் சொல்லாத கதையை ஊர் சொல்லும். அதுவும் கேலியாகச் சொல்லும். பிள்ளை தன் வீட்டுக் கதையைப் பகைவன் வாயிலிருந்து கேட்கலாமா?

புனித மத்தேயு தம் நற்செய்தியை ஒரு பெயர்ப் பட்டியலோடுதான் தொடங்குகிறார். அதில் எரிக்கோ ஊர் இராகாபு இருக்கிறாள். மோவாபு நாட்டு ரூத் இருக்கிறாள். அந்நிய இனத்துப் பெண்களின் பெயர்கள் மறைக்கப்படவில்லை. யூதத் தாயின் திருமகனான நம் ஆண்டவரின் வம்ச வரலாறே கலப்புள்ளதுதான். யூதரை எக்காலத்தில் யார் பகைத்தாலும் அதைத் திருச்சபை கண்டிக்கிறது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் அறிவித்தது. அவ்வளவு காலம் பிந்தியதற்காக நாம் வெட்கப்படவும் வேண்டும்.

ஆகையால் பெற்றோர்களே, இந்த விழா ஆண்டில் ஒரு காரியம் செய்யுங்கள். நீங்கள் கடந்து வந்த துன்பத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பழிவாங்கச் சொல்லாதீர்கள், அடுத்தவன் வீடு எரியும்போது வேடிக்கை பார்க்கக்கூடாது என்பதற்காகச் சொல்லுங்கள். உங்களை ஒளித்து வைத்துக் காத்தவர், ஒரு வாய்க் கஞ்சி கொடுத்தவர் இருந்தால், அவர் எந்த இனத்தவரானாலும் அவர் பெயரை முதலில் சொல்லுங்கள். எழுதத் தெரிந்த பேரப்பிள்ளைகள் அதை ஒரு நோட்டுப்புத்தகத்தில் எழுதிக் கொண்டுவரட்டும். அவற்றை நாம் பைண்டு செய்து ஞானஸ்நானப் பதிவேட்டின் பக்கத்திலேயே வைப்போம்.

அந்தப் பாட்டியம்மா சென்ற ஞாயிறு பூசை முடிந்ததும் பேரனைக் கையில் பிடித்தபடி வந்து, "நோட்டு வாங்கியாச்சு சாமி" என்றார். முதல் பக்கத்தில் தம் பெயரை அவரே எழுதியிருந்தார்.

எல்லாம் வல்ல இறைவன் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.